சாகக் கிடந்த விளக்கு

படம் ஆரம்பித்ததுமே ஆபரேட்டர் புரொஜெக்டர் அறை ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தாள். திரையில் ஆட்கள் நடமாடுகிறார்கள் என்பதே காலடிச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்தது. புரொஜெக்டர் விளக்கு சாகக் கிடந்தது.

புது விளக்கு வேண்டுமென்று தொண்டை வற்றக் கேட்டிருந்தாள். முதலாளி வேறு வழி கண்டுபிடித்தார்.

"நுவார்னு ஒரு வகைக் கொலைப் படம் இருக்காம்மா. பாதிக்குப் பாதி இருட்டுதான். அதப் போட்டுட்டா எவனுக்குத் தெரியப்போவுது?"

கீழே உட்கார்ந்திருக்கும் ஃபிலிம் கிளப்காரர்களுக்கு இன்று பிடித்துவிட்டால் வாராவாரம் வருவார்கள். இல்லாவிட்டால் தியேட்டர் சிமெண்ட் குடோன். வீட்டிலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள், "படிச்சுக் கிழிச்சது போதும்" என்று அப்பா சொல்வதைக் கேட்டுக்கொண்டு அடுப்படியில் கிடக்க வேண்டியதுதான்.

விளக்குக்குக் கூடுதல் கரண்ட் கிடைக்கட்டும் என்று மின்விசிறிகளை நிறுத்தினாள். கீழே ஆட்கள் வெந்தார்கள், படம் வெளுக்கவில்லை. கரண்ட்டை ஏற்றினாள். திரையின் வலப்பக்கம் அப்படியே கறுத்துப்போனது. ஸ்பீக்கர் வேறு கரகரக்க, எரிச்சலில் அதையும் அணைத்தாள்.

தொலைந்தது பிழைப்பு என்று பின்வரிசைக்கு வந்து நின்றாள். ஒருவரும் எழுந்து போகவில்லை. திரையில் ஒருத்தி கையில் எதையோ ஓங்கியபடி வாசலை மறித்து நின்றாள். பாதி முகம்தான் தெரிந்தது. ஒருவன் மேஜைக்கடியில் பதுங்கினான்.

கிளப் தலைவரான பேராசிரியர் பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கிசுகிசுப்பாக விளக்கிக்கொண்டிருந்தார். இந்த வகைப் படத்தில் பெண்தான் விதியாம். நிழல் என்பது மனசுக்குள் இருக்கிற அழுக்காம். எங்கே ஓடினாலும் மனிதனுக்குத் தப்பிக்க வழி கிடையாதாம். அதனால்தான் இது என்றைக்கும் பழசாவதில்லையாம்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்பிக்க வழியில்லாததைச் சொல்லித்தர இவர் வேண்டுமா?

படம் முடிந்து வெளியே வந்த பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என் வாழ்க்கையவே பாத்த மாதிரி இருந்துச்சும்மா. அந்த மௌனம், அந்தப் பாதி இருட்டு... இனி எல்லா வாரமும் இங்கதான்."

முதலாளி அவளை ஓரக்கண்ணால் பார்த்தார். "பாத்தியா? பல்பு பல்புன்னு உசுர வாங்குனியே."

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதற்குள் படப்பெட்டி கொண்டுவருகிற வேன்காரர் வேர்த்து விறுவிறுக்க உள்ளே நுழைந்தார். தோளில் ஒரு பெட்டி.

"காலைல பெட்டி மாறிப்போச்சும்மா. உங்க கொலைப் படம் இந்தா இருக்கு. அந்தச் சிரிப்புப் படத்த சீக்கிரம் எடுத்துக் குடுங்க, ஸ்கூல்ல பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்குதுங்க."