நான்கு பேருக்கு மூன்று நாற்காலி

மதிப்பிற்குரிய ஞாயிறு இணைப்பு ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முன்பின் அறியாத ஒருத்தி கடிதம் எழுதித் தங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். நான் பேருந்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கூடச் சத்தமாகச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடப்பவள். அப்படிப்பட்டவளே பேனாவை எடுத்துவிட்டாள் என்றால் தங்கள் இணைப்பு எங்கள் குடும்பத்தை என்ன பாடு படுத்தியிருக்கும் என்று தாங்களே யோசித்துப் பாருங்கள்.

போன மாதம் 'பெருநகரில் குடும்பத்தோடு மறக்க முடியாத மதியச் சாப்பாடு: கையைக் கடிக்காத ஐந்து இடங்கள்' என்று ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். அதைக் கத்தரித்துப் பையில் வைத்துக்கொண்டுதான் என் பட்டமளிப்பு விழாவுக்கு நாங்கள் புறப்பட்டோம். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. அப்பா, அம்மா, அத்தை, நான் என்று நான்கு பேர். முதல் நாள் சான்றுகளைச் சரிபார்க்க, இரண்டாம் நாள் விழா, மூன்றாம் நாள் அலுவலகத்தில் பட்டச் சான்றிதழை வாங்க, ஆக மூன்று மதியங்கள். என் அப்பா இருபத்தாறு வருடங்களாக ஒரு விருந்து மண்டபத்தில் பரிமாறுகிறவர். எல்லாப் பந்தியும் முடிந்த பிறகு பாத்திரங்களுக்குப் பக்கத்தில் நின்றபடி நாலு வாய் போட்டுக்கொள்வார். வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. அவர் உட்கார்ந்திருக்க, வேறொருவர் பரிமாற, அவர் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. அதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பதுதான் என் திட்டம். உண்மையைச் சொன்னால் பட்டம் கூட அதற்கு அப்புறம்தான்.

முதல் நாள், ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஆறு தெரியும் என்று தாங்கள் எழுதியிருந்த இடத்துக்குப் போனோம். ஆறு இருந்திருக்கலாம். நாங்கள் பார்த்தது, எதிர்க் கட்டடத்துக்குப் போர்த்தியிருந்த நீலத் தகரத்தை. அதைக் கூட மன்னிக்கலாம். வாசலில் இடம் கேட்க அப்பா முன்னால் போனார். நாங்கள் பின்னால் போனால் மூன்று நாற்காலி போட்ட மேசை. இன்னொன்று கேட்கலாம் என்று நான் மனதுக்குள் வாக்கியத்தை அமைத்து முடிப்பதற்குள், தனக்குப் பசிக்கவில்லை என்று சொல்லி அப்பா எங்களுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். மேசைக்குப் பின்னால் அப்படி நிற்கிறவரைப் பார்த்தால் யாருக்கு என்ன தோன்றும்? பக்கத்து மேசைக்காரர் தண்ணீர் கேட்டார். அப்பா கொண்டுபோய்க் கொடுத்தார். அடுத்த மேசை கரண்டி கேட்டது. அதுவும் வந்தது. நாங்கள் எழுந்து கை கழுவி வந்தபோது அப்பா ஏழு மேசைகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். "நம்ம மேசைக்கு மட்டும் இவன் வரவே இல்ல பாரு, புகார் எழுதிப் போடணும்" என்றாள் அத்தை.

இரண்டாம் நாள் விழா. நான் கறுப்பு அங்கியோடுதான் இருந்தேன். அலுவலகத்துக்காரர்கள் சாப்பிடும் இடம், தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும், மலிவு, சுவை என்று தாங்கள் புகழ்ந்திருந்த உணவுக்கூடத்துக்குப் போனோம். யாரும் பரிமாறாத இடத்தில் அப்பா பரிமாற முடியாது என்று கணக்குப் போட்டேன், அங்கேதான் தவறினேன். எங்கள் மூன்று தட்டுகளையும் ஒரே கையில் அடுக்கிக் கொண்டுவந்து வைத்தார். வரிசையே திரும்பிப் பார்த்தது. ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் தட்டு, ஊன்றுகோல் வைத்திருந்த பெரியவரின் தட்டு என்று அவர் தொடர்ந்துகொண்டிருக்க, மேற்பார்வையாளர் வந்து, புதுசா சேர்ந்தவரா, தலையில் ஒன்றும் இல்லாமல் இப்படி நடமாடலாமா என்று கடிந்து ஒரு காகிதத் தொப்பியை மாட்டிவிட்டார். அப்பாவும் வாங்கிக்கொண்டார். எங்கள் பல்கலைக்கழகத்தில் அங்கி மட்டும்தான், தொப்பி கிடையாது. ஆகவே என் பட்டமளிப்பு நாளன்று எங்கள் குடும்பத்தில் தொப்பி போட்டவர் அப்பா ஒருவர்தான். படம் இருக்கிறது. அத்தை எடுத்தாள், பார்க்கிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

இனி மூன்றாம் நாள். ஒரு அம்மாள் தன் வீட்டு முன்னறையில் நடத்தும் இடம், முந்தின நாளே சொல்லிவைத்தால் சொன்ன பேருக்கு மட்டும் சமைப்பார், ஐந்து இடங்களில் இதுதான் மணி என்று கட்டுரையில் இருந்தது. எனக்குப் போனில் பேச வராது என்பதால் அப்பாவே பேசி ஏற்பாடு செய்தார். போனோம். வெள்ளை விரிப்பு, பூப்போட்ட தட்டுகள், மூன்று. நாற்காலியும் மூன்று. வழக்கம்போல நாங்கள் மூவரும் உட்கார, அப்பா பின்னால் நின்றார். மூன்று நாள் கோபத்தையும் சேர்த்துவைத்து, என் வாழ்நாளில் முதல் தடவையாக நான் குரலை உயர்த்தினேன். நான்கு பேர் வந்திருக்கிறோம், எங்களைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது உங்களுக்கு என்று கேட்டேன். அந்த அம்மாள் பதறவில்லை. ஒரு நோட்டைக் கொண்டுவந்து காட்டினார்.

"மூணு பேருன்னுதானம்மா உங்கப்பா சொன்னாரு. ரெண்டு தடவ கேட்டேன். ரெண்டு தடவையும் மூணுன்னாரு."

எல்லாரும் அப்பாவைப் பார்த்தோம். முதல் நாள் வாசலில் போய் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப்பா வெட்கப்பட்டுப்போய், தப்புப் பண்ணின பிள்ளை மாதிரி விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

"மண்டபத்துல பந்திக்கு ஆள் எண்ணுறப்ப நம்மள சேக்க மாட்டோம்மா. சேத்தா ஒரு தட்டு கணக்கு இடிக்கும். வாய் தானா மூணுன்னுடுச்சு."

"ஊரையெல்லாம் எண்ணுவான். இவன் மட்டும் எந்த எண்ணுலயும் வரமாட்டான்" என்றாள் அத்தை. சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது சிரிப்பு இல்லை. அம்மா எழுந்து தன் நாற்காலியை அப்பா பக்கம் நகர்த்தினாள். நானும் எழுந்தேன். அத்தையும் எழுந்தாள். மூன்று காலி நாற்காலிகளைச் சுற்றி நான்கு பேர் நின்றுகொண்டிருந்தோம். அதற்குள் அடுப்படியில் ஏதோ பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான், அப்பா உள்ளே ஓடிவிட்டார். வெளியே வரவே இல்லை. எங்களுக்குச் சாப்பாடு வந்தது, அவர் கையால்தான் வந்தது. கடைசியில் அவரும் அந்த அம்மாளும் அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் நின்றபடி மிச்சத்தைப் பகிர்ந்து சாப்பிட்டார்கள். ஊர் திரும்பும் ரயிலில், இந்த மாதிரி ஒரு சாப்பாட்டை மறக்கவே முடியாது என்று அப்பா சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, ஆறு தெரியும், விலை மலிவு என்றெல்லாம் விவரமாக எழுதத் தெரிந்த தங்கள் கட்டுரையாளர், ஒரு மனிதரை நாற்காலியில் உட்காரவைப்பது எப்படி என்று ஒரு வரி எழுதவில்லை. இது பெரிய குறை. மறுப்பு வெளியிட வேண்டும். இனி தங்கள் இணைப்பை நம்பி ஒரு கவளம் கூட நாங்கள் சாப்பிடப் போவதில்லை என்பதையும் இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம். தங்கள் பத்திரிகை நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
மண்டபத்துக்காரர் மகள்

பின்குறிப்பு: கட்டுரையின் அடியில் சிறிய எழுத்தில், பிரசுரமாகும் வாசகர் கடிதம் ஒன்றுக்கு ஆற்றோர உணவகத்தில் குடும்பத்தோடு மதிய விருந்து என்று இருந்தது. அது இன்னும் உண்டா? இருந்தால், மேலே எழுதியதில் பிடிக்காததை எல்லாம் வெட்டிவிடுங்கள், மறுப்பும் வேண்டாம். நீலத் தகரத்தை ஆறு என்றே போட்டுக்கொள்ளுங்கள், நான் மறுக்க மாட்டேன். ஒன்றே ஒன்று: அழைப்புச் சீட்டில் நான்கு பேர் என்று எண்ணிலும் எழுத்திலும் போட்டு அனுப்ப வேண்டும். உறுதி செய்ய எங்கள் வீட்டுக்குப் போன் செய்தால் எடுப்பது அப்பாதான். மூன்று என்பார். தயவுசெய்து நம்பாதீர்கள்.