சாவ்தான் அண்ணாச்சியும் மெடிக்கல் போர்டும்

தென்காசி ஜில்லாவிலேயே நோயாளியாக இருக்க லாயக்கில்லாத ஒரு மனிதர் உண்டென்றால், அது எங்கள் தெரு சாவ்தான் அண்ணாச்சிதான். வங்கதேசச் சண்டைக்குப் போய் வந்தவர். 'சாவ்தான்' என்றால் பட்டாளத்தில் 'விறைப்பாக நில்' என்று அர்த்தமாம். பால்காரர், சிலிண்டர் போடுகிறவர், ஓட்டுக் கேட்டு வருகிறவர் எல்லாருக்கும் அவரிடம் அந்த ஒரே வரவேற்புதான். அவரும் இரண்டு கையையும் முஷ்டியாக்கி, பேன்ட் தையலோடு ஒட்டிக்கொண்டு, எந்நேரமும் விறைப்பாகவே நிற்பார்.

ஒரு சீசனில் தெரியாத்தனமாக அவரைக் குற்றாலம் மெயினருவிக்குக் கூட்டிப் போனேன். அரை மணி நேரத்தில் அங்கிருந்த அத்தனை பேரையும் மூன்று வரிசையாக நிறுத்திவிட்டார். சுரண்டைப் பக்கத்து வியாபாரி ஒருவர், தலையிலிருந்து எண்ணெய் வழிய வழிய, அட்டென்ஷனில் நின்றார். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் அண்ணாச்சியிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அவர் கழுத்துக்குள் குண்டுச் சிதறல் ஒன்று கிடக்கிறது. எடுத்தால் ஆபத்து என்று அந்தக் காலத்திலேயே விட்டுவிட்டார்கள். சாரல் வருவதை முதல் நாளே அது சொல்லிவிடும் என்பார். அதை நம்பித்தான் எங்கள் தெருவில் வற்றல் காயப்போடுவார்கள்.

அவர் மனைவி போன பிறகுதான் சிக்கல் வந்தது. குளியலறையில் இரண்டு தரம் விழுந்தார். ஓசூரிலிருந்து மகன் ஓடி வந்தான். கூடவே இருக்க ஒரு ஆள் வையுங்கள், இல்லையென்றால் பொங்கலுக்குள் என்னோடு கிளம்புங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். ஓசூர் வீடு ஒன்பதாவது மாடி. அங்கே இவர் யாரை வரிசையில் நிறுத்துவார்? பென்ஷனோ சாப்பாட்டுக்கும் மருந்துக்கும்தான் சரியாக இருந்தது. நான் அங்கே இங்கே விசாரித்தேன். சண்டையில் அடிபட்டவருக்குத் துணையில்லாமல் முடியாது என்று மெடிக்கல் போர்டு எழுதிக் கொடுத்தால், ஆள் வைத்துக்கொள்ளத் தனியாக ஒரு படி உண்டாம். நாட்டுக்காக அடிபட்டால் மட்டும் போதாது, இன்னும் வலிக்கிறது என்று ஆள் முன்னால் நின்று நிரூபிக்கவும் வேண்டும்.

மலைக்கு அந்தப் பக்கம், மிலிட்டரி ஆஸ்பத்திரியில் போர்டு. டாக்டரம்மா மேஜர். தோளில் ரேங்க்கைப் பார்த்ததும் அண்ணாச்சிக்கு நாற்பது வயது குறைந்துவிட்டது. உடம்பு எப்படி என்று கேட்டதற்கு, "ஃபிட், மேடம்" என்று சொல்லி, யாரும் கேட்காமலே நாலு பஸ்கி எடுத்தார். மனு திரும்பி வந்துவிட்டது. எனக்கு வந்த எரிச்சலில் ரயில் செங்கோட்டை தாண்டும்வரை நான் அவரோடு பேசவில்லை.

"முடியலன்னு ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா போயிருவிய, அண்ணாச்சி?"

"ஆபீசர்ட்ட முடியலன்னு எப்டிலே சொல்லுதது? சர்வீசுல ஒரு நாள் சொன்னது கெடையாது."

சரி, மறுபடி மனுப் போட்டு, இந்தத் தரம் ஒத்திகை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். நான்தான் டாக்டரம்மா. ஆர்டர் என்றால்தான் அவருக்கு மண்டையில் ஏறும் என்பதால், முடியாமல் இருக்கும்படி ஆர்டர் போட்டேன். மனுஷன் அதையும் டிரில் ஆக்கிவிட்டார். ஒன் என்றால் முனகல். டூ என்றால் சுவரில் சாய்தல். த்ரீ என்றால் நாற்காலியில் சரிதல். அந்த முனகலைக் கேட்டு எதிர்வீட்டு ஆச்சி சுக்குக் கஷாயத்தோடு ஓடி வந்துவிட்டார்கள்.

இரண்டாவது போர்டில் எண்ணிக்கை பிசகாமல் செய்து காட்டினார். அந்தம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, ஒத்திகை பார்த்துவிட்டு வந்தீர்களா என்று கேட்டார்.

"ஆமா மேடம். மூணு நாளு. இந்தத் தம்பிதான் சொல்லிக்குடுத்தான்."

காட்டிக் கொடுத்துவிட்டார், மகராசன். நான் சுவரிலிருந்த காலண்டரில் அமாவாசை என்றைக்கு என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அந்தம்மா சிரித்துவிட்டு, சட்டையைக் கழற்றுங்கள், கழுத்தைப் பார்க்கலாம் என்றார். அண்ணாச்சி அசையவில்லை. மறுபடி சொன்னதும் தலைவழியாக உருவப் பார்த்தார். துணி பிடிபடவில்லை. உதவலாம் என்று நான் பட்டனில் கை வைத்தேன். அது கழலவில்லை. டெய்லரிடம் கொடுத்து, எல்லாப் பட்டனையும் காஜாவோடு சேர்த்து நூல் போட்டுத் தைத்து வைத்திருந்தார். பனியன் மாதிரி அதற்குள் நுழைந்து வெளியே வர அவருக்குக் காலையில் ஒரு மணி நேரம் ஆகுமாம்.

அந்தம்மா அவர் முஷ்டியைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார். விட்டதும் அவை தாமாக மூடிக்கொண்டன. கழுத்திலிருக்கும் சிதறல் நரம்பை அழுத்துகிறது என்றார். பட்டாளத்து விறைப்பு என்று நாங்கள் இத்தனை நாளாகக் கிண்டல் செய்தது இதைத்தான். எவ்வளவு நாளாக இப்படி என்று அந்தம்மா மெதுவாகக் கேட்டார்.

"ரொம்ப நாளாச்சு மேடம். அவ இருந்தவரைக்கும் அவதான் பட்டன் போட்டுவிடுவா. வெளிய தெரியல." முஷ்டியை மறுபடி பேன்ட் தையலோடு ஒட்டிக்கொண்டார். "இப்ப முடியல, மேடம்."

நான் வெளியே வந்து வராந்தாவில் நின்று அழுதேன். முடியாத மனுஷனுக்கு, முடியாத மாதிரி நடிக்க மூன்று நாள் சொல்லிக் கொடுத்த மேதாவி நான்.

படி கிடைத்தது. ஓசூர் பேச்சு அடங்கியது. கீழப்பாவூர்க்காரர் ஒருவர் வந்து கூடவே தங்கியிருக்கிறார். காலையும் மாலையும் ஆஜர் சொல்லப் பழகிவிட்டார், பாவம். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவு. அன்றைக்கு அண்ணாச்சிக்குச் சட்டை போட்டுவிடுவது நான். "வெரசாப் போடுலே, நேரமாவுது" என்று அதட்டிக்கொண்டே நிற்பார். மொத்தம் ஐந்தே பட்டன். நான் மெதுவாகத்தான் போடுகிறேன்.