சிவப்பு டிராக்டரும் ஒரு தூக்குப் புளியோதரையும்

டிராக்டர் வாங்கும் விஷயத்தில் பெண்டாட்டி பேச்சைக் கேட்பதில்லை என்று முடிவெடுத்தேன். வீரமான முடிவு. அதனால்தான் அவளிடம் சொல்லவில்லை.

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. குறுவைக்கு நாற்று தயார். வாடகை டிராக்டர்காரனோ போனையே எடுப்பதில்லை. போன வருஷம் அவன் வந்து சேர்வதற்குள் நாற்றுக்கு என் வயசாகிவிட்டது. "பழசா இருந்தாலும் சொந்தமா ஒண்ணு வாங்கிடுவோங்க" என்று என் மனைவி குந்தவைதான் ஆரம்பித்தாள்.

ஒரத்தநாட்டில் பழைய வண்டி விற்கும் செழியனிடம் நான் ரகசியமாக ஒன்றைப் பார்த்து வைத்தேன். சிவப்பு. புதுப் பெயிண்ட். அதன் பானெட்டில் என் முகம் பத்து வயசு குறைந்து தெரிந்தது. அங்கேயே மனசைக் கிரயம் செய்து கொடுத்துவிட்டேன்.

குந்தவை சம்மதிக்க வேண்டுமே? மெக்கானிக் ஜெக்கரியாவைப் பிடித்தேன்.

"நான் காதைச் சொறிஞ்சா, வண்டி பிரமாதம்னு சொல்லணும்."

"சொல்லிடுறேன்ணே."

மறுநாள் மூவரும் போனோம். குந்தவை கையில் பெரிய தூக்குச்சட்டி.

"டிராக்டர் பாக்கப் போறோமா, டூர் போறோமா?"

"பசிச்சா நீங்கதானே முதல்ல கத்துவீங்க!"

செழியன் சாவியோடு வந்தார். நான் காதைச் சொறிந்தேன்.

"வண்டி பிரமாதம், அண்ணி!" என்றான் ஜெக்கரியா.

குந்தவை பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் பானெட்டில் கையை வைத்தாள்.

"நிழல்ல நிக்குற வண்டி ஏன் இப்படிச் சுடுது?"

செழியன் நெளிந்தார். "காலையில கொஞ்சம் ஓடவிட்டேம்மா. உங்களுக்குச் சிரமம் வேணாமேன்னு."

"பரவால்லங்க. ஆறட்டும். அதுக்குள்ள சாப்பிட்டுடலாம்."

வேப்பமரத்தடியில் செழியன் உட்பட எல்லோரையும் உட்கார்த்தினாள். பேரே குந்தவை. அவள் குந்த வைத்தால் எவன் எழுந்திருப்பான்? செழியன் புளியோதரையை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார். தன் சிவப்பு வண்டிக்குப் போடுகிற காரியச் சோறு என்று அவருக்குத் தெரியாது. நான் வெற்றிலை போட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்தேன்.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க" என்றாள் குந்தவை.

வண்டி இருமியது. முனகியது. கடைசியில் கரும்புகையைக் கக்கியது. என் வெள்ளைச் சட்டை அத்தோடு கலர் சட்டை ஆனது. இரண்டு காதையும் சொறிந்தேன்.

"காதுல எறும்பாங்க?" என்றவள் ஜெக்கரியா பக்கம் திரும்பினாள். "தம்பி, இந்த வண்டிய உன் அக்கா வீட்டுக்காரருக்கு வாங்கிக் கொடுப்பியா?"

அவன் என்னைப் பார்த்தான். காலித் தூக்கைப் பார்த்தான். உண்ட சோறு பேசியது.

"வேணாம் அண்ணி. அப்புறம் அக்கா என்னை வாசப்படி மிதிக்க விடாது."

மூலையில் பெயிண்ட் உதிர்ந்த நீல டிராக்டர் ஒன்று நின்றது. தொட்டாள். ஜில்லென்றிருந்தது. ஒரே திருப்பில் கிளம்பியது. ஆயில் ஒழுகுகிறதா என்று குனிந்து பார்த்தாள். ஆர்.சி. புத்தகம் பார்த்தாள். பக்கத்து வயல் சேற்றில் ஜெக்கரியாவை ஓட்டச் சொல்லிப் பார்த்தாள்.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்கப்பா சீர்காழியில வாடகை டிராக்டர் ஓட்டுனவருங்க. எனக்குத் தாலாட்டே அந்தச் சத்தந்தான்."

பெண் பார்க்கப் போனபோது நான் கேசரியை மட்டும்தான் கவனித்திருக்கிறேன்.

நீல டிராக்டர் வீட்டுக்கு வந்தது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. வாங்கியதுதான் அவள், ஓட்டுவதாவது நானாக இருக்க வேண்டாமா? வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் துண்டு போட்டு, சீட்டில் ஏறினேன்.

"இறங்குங்க."

"ஏன்?"

"பின்னாடி சேறடிக்கிற கலப்பையைச் சுத்த வைக்கிற ராடு இருக்கு பாருங்க. துண்டோ வேட்டியோ அதுல மாட்டுச்சுன்னா ஆளையே சுருட்டிடும். போயி பேண்ட் போட்டுட்டு வாங்க."

நியாயம். கல்யாண வரவேற்புக்குத் தைத்த பேண்ட் பெட்டியில் இருந்தது. கால்கள் நுழைந்தன. தொப்பை நுழையவில்லை. மூச்சை இழுத்து, குதித்து, கட்டிலில் படுத்து ஒருவழியாகப் பட்டனைப் போட்டபோது வயல் பக்கமிருந்து டிராக்டர் சத்தம். ஓடினேன். அந்தப் பேண்ட்டில் அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது.

பாதி வயல் சேறடித்தாகிவிட்டது. கொக்குகள் வண்டிக்குப் பின்னால் ஊர்வலம் போயின. சீட்டில் குந்தவை. சுடிதார், துப்பட்டா கிடையாது, இறுக்கிய கொண்டை. அழகாகத்தான் இருந்தாள்.

வண்டியை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பேண்ட் உங்களுக்கு எடுப்பா இருக்குங்க! இதோட சேத்துல இறங்காதீங்க. அப்படியே பைக்கை எடுத்துட்டுப் போயி டீசல் வாங்கிட்டு வந்துடுங்க."