ஒன்பதாம் லயத்து மழை அதிகாரி

மேல் டிவிசன், ஒன்பதாம் லயம்,
தலவாக்கலை வழியாக.

கொழும்பு வெயிலில் வேகும் பெருமதிப்புக்குரிய கஜேந்திரன் மாமாவுக்கு, மலை வெயிலில் வேகும் உங்கள் அக்கா மகன் தர்ஷன், கையைக் கட்டி, வாயை மட்டும் கட்டாமல் எழுதிக்கொள்வது. இங்கு அம்மா சுகம், ஆடு சுகம், கூரைத் தகரம் பாதி சுகம். உங்கள் சுகத்துக்கு மாரியம்மனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். போனில் பேசாமல் கடிதம் எழுதுவது ஏனென்றால், இங்கே போனில் பேசினால் பக்கத்துக் காம்பராவிலிருந்து பதில் வரும்.

முதலில் முக்கிய அறிவித்தல். கடந்த பங்குனி மாதம், நமது லயத்தின் நான்காம் காம்பராவில், கந்தப்பண்ணன் வீட்டில், சகல மரியாதைகளுடன் ஒரு மேசை ஃபேன் சுழலத் தொடங்கியது. சிரிக்காதீர்கள் மாமா. நீங்கள் இங்கே இருந்தபோது குளிக்கப் போகிறவனுக்கே கம்பளி தேவைப்பட்டது. இப்போது குளிக்கிற பீலியில் தண்ணீர் வராத மாதங்களும் உண்டு, தேயிலைக் கொழுந்து செடியிலேயே கருகிப்போகிற வாரங்களும் உண்டு. ஒரே கூரையின் கீழ் ஒட்டிக் கிடக்கும் பன்னிரண்டு காம்பராச் சனமும் வரிசையில் நின்று, ஃபேனுக்கு முன்னால் முகத்தைக் காட்டிவிட்டுப் போனது. கந்தப்பண்ணன் அதற்கு விபூதி பூசித் துணி போட்டு மூடி வைத்திருந்தார்.

இரண்டாவது அறிவித்தல், நான் அரச காரியத்தில் சேர்ந்துவிட்டேன். நுவரெலியா மண்சரிவு அலுவலகத்திலிருந்து பிரியந்தி மிஸ் என்று ஒருவர் வந்தார். முன்பெல்லாம் மாதக் கணக்கில் தூறிய மழை இப்போது ஒரே பின்னேரத்தில் கொட்டிவிடுகிறது, வெயிலில் வெடித்த மண் அதைக் குடித்துவிட்டு அப்படியே வழுக்கி இறங்கும் என்று லயத்துக்குப் பின்னால் இருக்கிற சரிவைக் காட்டிச் சொன்னார். பிறகு ஒரு மழைமானியைத் தந்தார். கண்ணாடி மாதிரியான குழாய்தான். அதில் மஞ்சளாக ஒரு கோடு, அதற்கு மேலே சிவப்பாக ஒரு கோடு. தண்ணீர் மஞ்சளைத் தொட்டால் கவனம், சிவப்பைத் தாண்டினால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். தினமும் இதைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்றார். ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருக்கிறது இது ஒன்றுதான் என்று அம்மா என்னை முன்மொழிந்தார். அறிமுகத்தில் குறை இருந்தாலும் பதவியில் குறையில்லை.

வைகாசியில் அந்தப் புதன்கிழமை வந்தது. பகல் மூன்று மணி. மழை என்றால் தாளம் இருக்க வேண்டும் அல்லவா, அன்றைக்குத் தாளமே இல்லை, ஒரே சத்தம்தான். பார்த்தேன், தண்ணீர் சிவப்பைத் தாண்டி நிற்கிறது. காம்பரா காம்பராவாக ஓடிச் சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. போன மாதம் நான் சிறுத்தை வந்துவிட்டது என்று கத்தி, எல்லாரையும் விளக்குமாற்றோடு வெளியே வரவைத்த சம்பவம் அவர்களுக்கு இன்னும் மறக்கவில்லை. “இன்னைக்கு என்னடா, யானையா?” என்று காளியாயி அக்கா கேட்டுவிட்டு அடுப்பை ஊதப் போனார். அம்மாவும் பின் அடுப்படியில்தான் இருந்தார். கையைப் பிடித்து இழுத்தேன், அகப்பையால் ஒன்று கிடைத்தது.

அப்போதுதான் மாமா, எனக்கு மூளை வேலை செய்தது. நேரே கந்தப்பண்ணன் காம்பராவுக்குள் புகுந்தேன், பிளக்கைப் பிடுங்கினேன், ஃபேனைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு எதிர் மேட்டிலிருக்கும் பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஓடினேன். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு கந்தப்பண்ணன் என் பின்னால். கொலை விழாமல் தடுக்க அவர் மனைவி அவர் பின்னால். என் உயிரைக் காப்பாற்றவோ எடுக்கவோ அம்மா. வேடிக்கை பார்க்க மிச்ச லயம், கைப்பிள்ளைகளோடு. கடைசியாகக் காளியாயி அக்கா, இவ்வளவு பெரிய சண்டையைத் தான் மட்டும் பார்க்காமல் விட்டால் பிறகு எப்படிப் பேசுவது என்ற கவலையோடு, சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு.

பள்ளிக்கூட வாசலில் கந்தப்பண்ணன் என் சட்டையைப் பிடித்துவிட்டார். அதே நேரம் பின்னால் லொறி மண் கொட்டுகிற மாதிரி சத்தம். திரும்பிப் பார்த்தால் சரிவு இறங்கிவிட்டது. பின் அடுப்படிகள் ஒன்பது, இருந்த இடம் தெரியவில்லை. அம்மா எண்ணிப் பார்த்தார். எல்லாரும் இருந்தோம். கந்தப்பண்ணன் என் சட்டையை விடாமலே, “ஃபேன் நனைஞ்சிருச்சாடா?” என்றார். பிறகு அப்படியே உட்கார்ந்து அழுதார்.

நம் சனத்தை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது மாமா. அன்று பொழுது சாய்வதற்குள் கீழ் டிவிசனிலிருந்து பாயும் பருப்பும் வந்தன. மண்ணை அள்ள மண்வெட்டியோடு வந்தவர்களுக்கு நிற்க இடமில்லை. எங்கள் ஆட்டைக்கூடத் தோண்டாமலே கண்டுபிடித்தோம், அது எங்களுக்கு முன்னாலேயே பள்ளிக்கூடத்தில் இருந்தது. பிரியந்தி மிஸ் என் கையைக் குலுக்கினார். ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் சான்றிதழ் தரப்போகிறார். கந்தப்பண்ணன் என்னை “மழை ஐயா” என்கிறார். வேறு இடம் இன்னும் கிடைக்கவில்லை, அதனால் அடுத்த வாரம் முன்காம்பராக்களுக்குத் திரும்பப் போகிறோம். பயமில்லையா என்று கேட்டால், தர்ஷனின் சிவப்புக் கோடு இருக்கிறதே என்று அம்மாவே சொல்கிறார்.

உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டதாக நான் நினைத்துக்கொள்கிறேன், என் தலையில் கை வைத்ததாக நீங்களும் நினைத்துக்கொள்ளுங்கள். அத்தைக்கு அன்பு, கடை முதலாளிக்கு வணக்கம்.

இப்படிக்கு,
மழை அதிகாரி தர்ஷன்

பி.கு.: மாமா, இதைத் தனியாக வாசியுங்கள். மழைமானியை மரமும் கூரையும் இல்லாத வெட்டவெளியில் நடும்படிதான் மிஸ் சொல்லியிருந்தார். நனைந்துகொண்டு அதுவரை போகச் சோம்பல்பட்டு, அன்று காலை அதைப் பிடுங்கி வாசலோரம் கட்டிவிட்டேன். நேர் மேலே தகரத்து ஓட்டை. எங்கள் கூரைத் தண்ணீர் பாதி அதற்குள்தான் விழுந்திருக்கிறது. கீழ் டிவிசனுக்கும் மிஸ் ஒரு மழைமானி தந்திருந்தார், மறுநாள் அதைப் போய்ப் பார்த்தேன், தண்ணீர் மஞ்சளைக்கூடத் தொட்டிருக்கவில்லை. நமது குழாயும் சரியான இடத்தில் நின்றிருந்தால் நான் கேரம் ஆடிக்கொண்டிருந்திருப்பேன், அம்மா அடுப்படியில் இருந்திருப்பார். இப்போது அதைச் சரியான இடத்தில் நட்டுவிட்டேன், அதுதான் பயமாக இருக்கிறது. நமது சரிவுக்குச் சிவப்புக் கோட்டை இன்னும் கீழே போட வேண்டும் என்று சான்றிதழ் தருவதற்கு முன்னாலேயே மிஸ்ஸிடம் சொல்லப் போகிறேன். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். கூரையைத்தான் காட்ட வேண்டும்.