சிர்கோனியா தீர்மானம்

கொளஞ்சி எதிர்க்காதது என்று இந்த ஜில்லாவில் எதுவும் மிச்சமில்லை. மண்டிக்காரனின் எடைக்கல்லை எதிர்த்தார். சுங்கச்சாவடியை எதிர்த்தார். திண்டிவனத்தில் நிற்காமல் போகும் ரயிலைத் தண்டவாளத்தில் உட்கார்ந்து எதிர்த்தார். விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ் வாசலில் அவர் முதன்முதலாக மறியல் செய்த அன்று நட்ட வேப்பங்கன்று இன்று நாலு ஜீப்புக்கு நிழல் தருகிறது. கோரிக்கைதான் இன்னும் முளைக்கவில்லை.

ஆனால் ஒன்று. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விவசாயிகள் சங்கத்தில் முப்பத்தெட்டு வருடம் இருந்தும், அவர் கொண்டுவந்த தீர்மானம் ஒன்றுகூடத் தோற்றதில்லை. அப்பேர்ப்பட்டவர் சொந்த வாயைப் பற்றிய தீர்மானத்திலா தோற்பார்?

வாயில் பல் ஒன்றும் மிச்சமில்லை. எல்லாம் போராட்டக் களத்தில் போனவை என்பது அவர் கட்சி. கமர்கட்டில் போனவை என்பது மனைவி பவானியின் கட்சி. எப்படியோ, தாடையில் மேலே ஆறு, கீழே ஆறு என்று புதுப் பல்லைத் தாங்கத் திருகாணி பதித்தாயிற்று; அவை எலும்போடு பிடித்துக்கொண்டும் விட்டன. அதுவரைக்கும் போட்டுக்கொள்ளக் கொடுத்த தற்காலிகப் பல் செட்டைக் கொளஞ்சி தொடவே இல்லை. தற்காலிக ஏற்பாடு எதற்கும் அவர் சம்மதித்த சரித்திரம் கிடையாது. கேப்பைக் கூழைக் குடித்தே கொள்கையைக் காப்பாற்றினார்.

இனி நிரந்தரப் பல். பல் டாக்டர் கலைப்பிரியா மேஜைமேல் இரண்டு மாதிரிகளை வைத்தார்.

"இது சிர்கோனியா. கல்லு மாதிரி. லேசுல தேயாது, கறை பிடிக்காது. ஆனா உடைஞ்சா முழுசா புதுசா செய்யணும். இது அக்ரிலிக். உள்ள டைட்டானியம் பட்டை இருக்கும். கொஞ்சம் தேயும். ஆனா உடைஞ்சா ஒரே நாள்ல சரி பண்ணிடலாம். மெல்லும்போது சத்தமும் கம்மி. உங்களுக்கு ரெண்டுமே ஒத்துவரும்."

"சிர்கோனியா," என்றார் கொளஞ்சி.

"அக்ரிலிக்," என்றார் பவானி.

"வீட்ல பேசி, சாயந்தரத்துக்குள்ள சொல்லுங்க. லேபுக்கு அனுப்பணும்," என்றார் டாக்டர்.

ஆட்டோவில் ஏறியதும் ஆரம்பித்தது.

"வாய் யாருது?"

"வாய் உங்குளுது. காது என்னுது. பல்லு இருந்தப்பவே பேப்பர் படிச்சிக்கினு நறநறன்னு கடிப்பீங்க. மேலயும் கல்லு, கீழயும் கல்லுன்னா வீட்டுக்குள்ள குவாரிதான் நடக்கும்."

"வர்ற மாசம் விழுப்புரத்துல மாநாடு. போன தபா அந்த எதிர்கோஷ்டித் தென்னரசு மேடையில இன்னா சொன்னான்? 'அண்ணன் பேச்சுல இப்பல்லாம் காத்துதான் வருது'ன்னான். ஆயிரம் பேரு சிரிச்சான். அந்த ஆயிரம் பேருக்கு முன்னாடி நான் பாறை மாதிரி நின்னு பல்லக் காட்டணும்!"

"ஆயிரம் பேரும் இன்னா, உங்க வாய்க்குள்ள தட்டியா பாக்கப் போறான்?"

பேச்சுவார்த்தை முறிந்தது. ஓட்டெடுப்புதான் வழி என்று கொளஞ்சி அறிவித்தார். அறிவிக்கும்போதே கணக்கும் போட்டுவிட்டார். பக்கத்து வீட்டு சீனுவாசன் சங்கத்தின் பொருளாளர். கொளஞ்சியின் தீர்மானங்களை வழிமொழிவதற்கென்றே பிறந்தவர். சங்கத்தின் விதியோ கொளஞ்சியே எழுதியது: கூட்டத்தின் தலைவருக்கு ஓட்டு கிடையாது; இரண்டு பக்கமும் சமமாக வந்தால் மட்டுமே தலைவர் ஓட்டுப் போடலாம். ஆகவே பவானியைத் தலைவர் ஆக்கிவிட்டால் ரெண்டுக்கு பூஜ்யம்.

"பெண்கள் தலைமை ஏத்தாதான் சமுதாயம் உருப்படும். தலைமை நீதான்," என்றார் பெருமிதத்தோடு, சீனுவாசனை வீட்டுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு.

"எனக்கு இன்னாங்க தெரியும்?" என்றார் பவானி. ஆனாலும் உட்கார்ந்தார். உட்காருமுன் சீனுவாசன் மடியில் ஒரு தட்டு வறுத்த மல்லாட்டையை வைத்தார்.

கொளஞ்சி எழுந்து, சிர்கோனியாவே வேண்டும் என்று நாலு வரியில் தீர்மானத்தை முன்மொழிந்தார். அதோடு உட்கார்ந்திருக்கலாம்.

"அவசரம் இல்ல தோழர்," என்றார் தலைவர். "அக்ரிலிக்கு ஏன் கூடாதுன்னு நல்லா வெளக்கமா சொல்லுங்க. சீனு அண்ணனுக்கும் புரியணும் இல்ல?"

முப்பத்தெட்டு வருடத்தில் எந்தத் தலைவரும் கொளஞ்சியிடம் இப்படிச் சொன்னதில்லை. எல்லாரும் மணியடித்தவர்கள், துண்டுச்சீட்டு நீட்டியவர்கள். கொளஞ்சி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அக்ரிலிக் என்பது என்ன? பிளாஸ்டிக்! பக்கெட்டுக்குத் தங்கச்சி, குடத்துக்கு நாத்தனார்! மானமுள்ளவன் அதை வாயில் வைப்பானா? அது சமரசக்காரன் பல்லு! கூழைக் கும்பிடு போடுறவன் பல்லு!"

சீனுவாசன் மல்லாட்டை மெல்லும் வேகம் குறைந்தது.

"இன்னும் அஞ்சு நிமிஷம் எடுத்துக்கோங்க தோழர்," என்றார் தலைவர்.

"அதப் போட்டுக்கினு சிரிக்கிறவன் சிரிப்பே பொய்! அவன நம்பி ஒரு படி மல்லாட்டை குடுக்கலாமா?"

மெல்லுவது நின்றது. சீனுவாசன் தட்டைக் கீழே வைத்தார்.

"ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்," என்றார் தலைவர்.

கொளஞ்சியின் கை மேலே போனது. தனியாகப் போனது.

"எதிர்க்கிறவங்க?"

சீனுவாசன் இரண்டு கையையும் தூக்கினார்.

"இன்னாய்யா சீனு! எத்தினி வருசப் பழக்கம்!"

சீனுவாசன் வாயை அகலத் திறந்து, முன்பல்லை விரலால் தட்டிக் காட்டினார். "இத்தினியும் அக்ரிலிக்கு தோழரே. போன சித்திரையில பேத்திக்குக் காது குத்தறோம்னு சொல்லிட்டு பாண்டிச்சேரி போனேனே, இதுக்குத்தான். ஒரு வருசத்துக்கு மேல உங்க பேச்சுக்கெல்லாம் இந்தப் பொய்ச் சிரிப்பத்தான் சிரிச்சிக்கினு இருக்கேன்."

கொளஞ்சி மெல்லத் தலைவர் பக்கம் திரும்பினார். "உனுக்குத் தெரியுமா?"

"அம்பிகா அக்கா, அதான் அண்ணன் சம்சாரம், அன்னிக்கே சொல்லிட்டாங்க. தலைவர்னா நடுநிலையா இருக்கணுமே, அதான் வாய தொறக்கல."

ஒன்றுக்கு ஒன்று. தலைவர் தம் ஓட்டை அக்ரிலிக்குக்குப் போட்டார். கையோடு டாக்டருக்கும் போன் போட்டார்.

கொளஞ்சி மறு எண்ணிக்கை கேட்கவில்லை. சட்டம் போடுகிறவன் சட்டத்தை மதிக்காத இந்த நாட்டில், தான் எழுதிய விதிக்குத் தானே தலைவணங்கியவர் தான் ஒருவர்தான் என்று நெஞ்சை நிமிர்த்தி வாசலைப் பார்த்து நடந்தார்.

"உக்காருங்க, கூட்டம் இன்னும் முடியல," என்றார் தலைவர். "அடுத்து நன்றியுரை. தோழர் கொளஞ்சி."