சைலன்சர் நீங்கள் இல்லை, சம்பந்தி

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மருமகளின் தகப்பன் இரண்டு கையும் கூப்பி எழுதிக்கொள்வது. கூப்பிய கையோடு எழுத வராததால் முதலில் கூப்பிவிட்டு அப்புறம் எழுதுகிறேன். இங்கு நானும் உங்கள் தங்கச்சியும் (என் மனைவியைத்தான் சொல்கிறேன்) சுகம். அதாவது நான் சுகம் என்று சொன்னால் அவள் இப்போதைக்கு மறுத்துப் பேசவில்லை, அந்த அளவுக்குச் சுகம். அங்கு நீங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் ஒரே மகளும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க வாய் வருகிறது, தைரியம் வரவில்லை. ஆகையால் கேட்டுவிட்டதாகவே வைத்துக்கொள்ளவும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். வியாபாரிகள் சங்கத்து மாத இதழில் நான் எழுதிவரும் தொடர்கதையில் சைலன்சர் என்று ஒருவர் வருகிறாரே, அவர் நீங்கள் இல்லை. இதை மேலேயே சொல்லிவிடுகிறேன். கீழே போகப்போக நான் என்னென்ன சொல்வேன் என்று எனக்கே உத்தரவாதம் கிடையாது.

சைலன்சர் வருகிற இதழ் வெளிவந்த நாளிலிருந்து நீங்கள் என்னோடு பேசுவதில்லை. போன வாரம் மகளைப் பார்க்க வந்தபோது கதவைத் திறந்தது நீங்கள்தான். வாங்க சம்பந்தி என்று அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரி கூப்பிடுகிற மனிதர், அன்றைக்குத் தலையை மட்டும் அசைத்தீர்கள், அதுவும் பாதி. பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்று, எதிர்வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டுப் பார்த்தேன். இந்தக் கேள்விக்கு நீங்கள் வழக்கமாக வண்டி வாங்கப் போன அன்றைக்கு மழை பெய்ததிலிருந்து ஆரம்பிப்பீர்கள். அன்றைக்கு "ஓடுது" என்றீர்கள். அவ்வளவுதான். எனக்குக் குடித்த டீ பாதி வழியில் நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து உங்கள் தங்கச்சியிடம் சொன்னால், அவள் ஆறுதல் சொல்கிற ஆளா? "பொண்ணக் குடுத்த வீட்டு மனுஷரைக் கதையில கொண்டுபோய் அலமாரிக்குள்ள ஒளிய வெச்சிருக்கீங்க. நாளைக்கு அவளை ஒரு வார்த்தை சொன்னா உங்க பேனாவா போய் பதில் சொல்லும்?" என்றாள். அந்தப் பயம்தான் சம்பந்தி. நான் கதையில் பண்ணின கோணல் என் மகளின் தலையில் விடிந்துவிடக் கூடாது. அதற்காகத்தான் இந்த விளக்கம்.

எனக்குக் கதை எழுதுகிற ஆசை வெகுகாலமாக உண்டு. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் என்று என்னைச் சொல்வார்கள். நான் விடவில்லை, அதுதான் என்னை விட்டது. கதைக்கு எனக்குப் பஞ்சமே இல்லை. ரிப்பேருக்கு வந்த ஸ்கூட்டருக்கு அடியில் படுத்தால் திருட்டு, கொலை, காதல் எல்லாம் எண்ணெய் மாதிரி சொட்டும். தகராறு பெயரில்தான். "கதவு திறந்தது, உள்ளே வந்தது" என்பதுவரைக்கும் பேனா பறக்கும். வந்தது யார் என்கிற இடத்தில் நின்றுவிடும். ஒரு பெயரை நினைத்தால் அது என் சித்தப்பா பெயர், திருடனுக்கு வைக்க முடியாது. இன்னொன்று கரண்ட் பில் எடுக்க வருகிறவர் பெயர், நல்லவனுக்கு வைக்க மனசு வராது. ஒருதரம் கதாநாயகிக்கு அம்சமான பெயர் ஒன்று கிடைத்து எழுதிவிட்டேன். உங்கள் தங்கச்சி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து "யாரு இவ?" என்றாள். கதையில் வருகிறவள் என்றேன். "அது தெரியுது. அதுக்கு முன்னாடி எங்க இருந்தா?" என்றாள். அந்தக் கதை அன்றோடு சரி. இப்படிப் பெயர் தேடித் தேடி, திறந்த கதவு திறந்தபடியே கிடக்க, உள்ளே வரவேண்டிய ஆள் வாசலில் நின்று நின்று கால் வலித்துத் தன் வீட்டுக்கே போய்விடுவார். நானும் பேப்பரைச் சுருட்டிக் கார்புரேட்டர் துடைக்க வைத்துக்கொள்வேன்.

பட்டறையில் மட்டும் இந்தத் தொல்லை கிடையாது. வண்டி வந்தால் யார் என்று கேட்கிறோமா? அதற்கு என்ன நோவோ அதுதான் ஆளுக்குப் பெயர். மருந்துக்கடைக்காரர் வண்டி புகை கக்கும், அவர் புகை. பேங்க் கேஷியர் வண்டி காலையில் சோக் இழுக்காமல் எழுந்திருக்காது, அவர் சோக். பக்கத்துக் கடை வெல்டர், அவருக்குத்தான் தொண்டை பெரிசு, "சோக்கு வந்து நிக்கிறாரு பாருங்க" என்று குரல் கொடுப்பார், வேலை ஓடும். அசல் பெயர் வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது பில்லில் எழுதினால் போதும். ஒரு மத்தியானம் செயின் மாட்டிக்கொண்டிருக்கும்போது இது என் புத்தியில் பட்டது. கதையையும் இப்படியே ஓட்டிவிட்டு, கடைசியில் பெயர் போட்டால் என்ன? கையைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்தேன். கதவு திறந்தது, உள்ளே சோக் வந்தான், பின்னாலேயே புகை வந்தான், ஹெட்லைட் சுவர் ஏறிக் குதித்தான். இத்தனை காலம் உதைத்து உதைத்துக் கால் வீங்கினது மிச்சம், அன்றைக்கு ஒரே உதையில் என்ஜின் பிடித்துக்கொண்டது. வாழ்க்கையில் முதல்தடவையாக அந்தக் கதவைத் தாண்டி உள்ளே போனேன் சம்பந்தி. உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது தெரியுமா?

பெயர்களை மாற்றத்தான் நினைத்தேன், சத்தியமாக. கதாநாயகன் ஹெட்லைட்டுக்கு ஒரு கௌரவமான பெயரைப் போட்டுப் பார்த்தேன். போட்டதுதான் தாமதம், ஆள் கதைக்குள்ளேயே நாற்காலி இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டான். இவ்வளவு லட்சணமான பெயரை வைத்துக்கொண்டு நான் எதற்குச் சுவர் ஏற வேண்டும் என்கிற மாதிரி ஒரு பார்வை. பழைய பெயரைத் திரும்பப் போட்டேன், எழுந்து குதித்தான். நான் என்ன செய்வேன்? இந்த இழுபறியில் இதழின் எடிட்டர் (ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறாரே, அவர்தான்) பஞ்சர் பார்க்க வந்த இடத்தில் தாள்களைப் பார்த்துவிட்டார். பெயர் இன்னும் போடவில்லை என்று சொன்னேன். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்ணே" என்று எடுத்துக்கொண்டு போனவர் அப்படியே அச்சடித்துவிட்டார். அவருடைய அப்புறம் இன்னும் வரவில்லை.

வெல்டர் இத்தனை வருஷமாகக் குரல் கொடுத்ததில் எங்கள் தெருவில் ஒவ்வொருவருக்கும் அடுத்தவர் பட்டப்பெயர் தெரியும், தன்னுடையது மட்டும் தெரியாது. கேஷியர் வந்து, புகை மருந்துக்கடைக்காரர்தானே என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மருந்துக்கடைக்காரர் வந்து, சோக் கேஷியர்தானே என்று சிரித்தார். பிறகு இருவரும் எங்கேயோ சந்தித்துக்கொண்டார்கள் போலிருக்கிறது, அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. சோக் மூன்றாம் அத்தியாயத்தில் சாகப்போகிற செய்தி எடிட்டர் வாய்வழியாக வெளியே போய்விட்டது. கேஷியர் என் ஸ்டூலில் உட்கார்ந்து, எழுந்திருக்கவே மாட்டேன் என்றார். "எனக்குப் புரமோஷன் வர்ற நேரம்ணே, இப்பப் போய்ச் சாகடிக்கிறீங்களே" என்று கண் கலங்கினார். சரி என்று சாவைத் தள்ளிப்போட்டேன். அதனால் கொலைகாரன் இரண்டு பக்கம் முழுக்கக் கத்தியோடு மழையில் நின்று அவனுக்கு ஜலதோஷம் பிடித்துவிட்டது. ஹெட்லைட் யார் என்று மட்டும் பலபேர் வந்து கேட்கிறார்கள், எல்லாரும் ஒருவிதமாக வெட்கப்பட்டுக்கொண்டு. அவன் எந்த வண்டியும் இல்லை, நானாக உண்டாக்கினவன் என்றால் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

இப்போது சைலன்சர். தயவுசெய்து நிதானமாகப் படிக்கவும். சைலன்சர் என்பது ஆளே இல்லை, வண்டி. உங்கள் வண்டி சைலன்சரில் ஓட்டை இருப்பது உங்களுக்கே தெரியும், மாற்றித் தருகிறேன் என்றால் நீங்கள்தான் வேண்டாம் என்கிறீர்கள். நீங்கள் தெருமுனையில் திரும்பும்போதே வெல்டர் "சைலன்சர் வர்றாரு" என்பார். அது வண்டிச் சத்தத்தைச் சொன்னதே தவிர உங்கள் பேச்சைச் சொன்னதில்லை. நீங்கள் வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் அவர் "இன்னும் ஆஃப் ஆகல" என்கிறாரே, அது எதைப்பற்றி என்று நான் இதுவரை விசாரித்ததில்லை. கதையில் திருடன் வந்ததும் சைலன்சர் அலமாரிக்குள் ஒளிகிறார், ஒளிந்த இடத்திலும் பேச்சை நிறுத்தாததால் மாட்டிக்கொள்கிறார் என்று எழுதியது வாஸ்தவம். ஆனால் அவர் பேச்சைக் கேட்கக் கேட்க, அந்தத் திருடன் எடுத்த சாமானையெல்லாம் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போய்விடுகிறான் என்று வருகிறதே, அது எவ்வளவு பெருமையான இடம், யாருமே கவனிப்பதில்லை. மேலும் அவருக்கு வழுக்கை. உங்களுக்கு அது நெற்றிதான், கொஞ்சம் தூரம் போயிருக்கிறது.

இதற்கு மேல் விளக்கினால் இன்னும் மோசமாகும் என்று கைக்கே தெரிகிறது. ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். கதையை நிறுத்திவிடுகிறேன், எடிட்டரிடமும் சொல்லியாகிவிட்டது. கிணற்றுமேட்டில் ஒரு காலை மட்டும் ஊன்றி ஏறிக்கொண்டிருந்த ஹெட்லைட்டை அப்படியே பாதியில் விட்டுவிட்டு வந்தது மனசுக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அவனை நான் எந்த வீட்டுக்கும் கட்டிக்கொடுக்கவில்லை, மகளைத்தான் கொடுத்திருக்கிறேன். அடுத்தமுறை நான் வரும்போது வண்டி வாங்கின கதையை மழையிலிருந்தே ஆரம்பியுங்கள், நின்றுகொண்டே கேட்கிறேன்.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். அது போக மிச்சமுள்ள மரியாதை முழுவதையும் நீங்களே எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் மருமகளின் அப்பா,
ஸ்கூட்டர் மெக்கானிக்

பின்குறிப்பு (உறையின் வெளிப்பக்கம்): உறையை ஒட்டி, உங்கள் தங்கச்சி அதைப் பையில் வைத்துச் செருப்பு மாட்டுகிற நேரத்தில் மகள் போன் பண்ணினாள். உறையைத் திருப்பிக் கேட்டால் இவள் தரமாட்டேன் என்கிறாள், உங்கள் கையில் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலையாம். பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பாகத்தில் எழுதுகிறேன், எழுத்து ஆடினால் மன்னிக்கவும். சம்பந்தி, ஹெட்லைட் நீங்கள்தான் என்று நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்களாமே. அளந்து பேசுவான், தலையை மட்டும் அசைப்பான், கையைப் பின்னால் கட்டித் தூரத்தில் பார்ப்பான் என்று அவனை எழுதினவன் நான், அவனே எதிரில் வந்து கதவைத் திறந்தபோது அடையாளம் தெரியாமல் போய்விட்டது. சந்தேகமே வேண்டாம், நீங்கள்தான். சைலன்சர் யார் என்று சம்பந்தியம்மா கேட்டதற்கு நீங்கள் மாடிவீட்டுக்காரர் பக்கம் கண்ணைக் காட்டினீர்களாம், அதுவும் மிகச் சரி. உங்களுடைய இந்தப் புதுத் தோரணை வீட்டில் எல்லாருக்கும் பிடித்திருக்கிறதாம், சம்பந்தியம்மா மத்தியானத்தில் நன்றாகத் தூங்குகிறார்களாம். "கதையை மட்டும் முடிச்சிராதீங்கப்பா, உங்களுக்குப் புண்ணியமா போகும்" என்று மகள் கெஞ்சுகிறாள். இதோ ஹெட்லைட்டின் இன்னொரு காலையும் கிணற்றுமேட்டில் ஊன்றிவிட்டேன். உள்ளே இருக்கும் கடிதம் வேறொரு சம்பந்திக்கு எழுதியது, தவறுதலாக உங்கள் உறையில் போய்விட்டது. பிரிக்க வேண்டாம்.