கம்ப்யூட்டருக்கு வந்த ஏசி

கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்த மகானே, குற்றவாளி நீர்தான். வேறு யாரையாவது கைகாட்டித் தப்பிக்கப் பார்க்காதீர். கணக்குப் போட வைத்தீர், படம் வரைய வைத்தீர். அந்தப் பெட்டிக்கு ஒரு பொட்டு வியர்வை வைக்க மட்டும் உமக்குத் தோன்றவில்லை. நாய்க்குக்கூட நாக்கைத் தொங்கப்போட வழி இருக்கிறது. உம்முடைய பெட்டிக்கு அதுவும் இல்லை. சூடாகிறது, பொருமுகிறது, பொட்டென்று அணைகிறது. அந்தப் பாவம் இந்தோனேசியாவின் சுரபாயா நகரத்தில் ஒரு மனிதரின் மத்தியானத் தூக்கத்தின் மேல் வந்து விடிந்திருக்கிறது.

அந்த மனிதர் வர்தோயோ. மேம்பாலத்துக்குக் கீழே பழைய மோட்டார் சைக்கிள் பாகங்கள் விற்பவர். சின்ன வயதில் டியூபுக்கு ஒட்டுப் போட்டு ஆரம்பித்துத் தம் கையாலேயே கடை பிடித்தவர். அவர் பேரத்துக்கு வாயைத் திறந்தால், எதிராளி விலையையும் குறைத்துவிட்டு டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவான். கோபம் வந்தால் ஹெல்மெட்டைத் தரையில் அடிப்பார். அது தம்முடையதா, வாடிக்கையாளருடையதா என்று பார்க்க மாட்டார்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு பேரத்தில் மட்டும் வருஷக்கணக்காகத் தோற்றுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு ஏசி.

ஒருமுறை வங்கியில் காத்திருந்தபோது ஏசிக்கு நேர் கீழே அவருக்கு நாற்காலி கிடைத்தது. கண்ணை மூடினார். மேகம் ஒன்று இறங்கி வந்து அவரைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டது. அந்த மேகத்துக்குள் மழை இல்லை, இடி இல்லை, மோட்டார் சைக்கிள் இல்லை. வெள்ளையாக ஒரு மௌனம் மட்டும். தண்ணீருக்கு அடியிலிருந்து கூப்பிடுவதுபோல யாரோ அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். விழித்துப் பார்த்தால் காவலாளி. வங்கியைச் சாத்துகிற நேரம். அன்று முதல் மத்தியானமானால் போதும், அந்த மேகம் கண்முன் வந்து மிதக்கும். கடையை அடைத்துவிட்டு வந்து தம் வீட்டு முன்னறையில், தகரக் கூரைக்கு அடியில் படுப்பார். தூக்கம் வராது, வேர்வைதான் வரும்.

மனைவி குஸ்மியாத்தி அவரை ‘பாக்’ என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவாள். முடியாது என்பதையும் மரியாதையாகத்தான் சொல்லுவாள்.

“ஏசியா? உடம்புக்குள்ள காத்து புகுந்துடும், பாக்.”

அந்த ஊரில் எல்லாக் கோளாறுக்கும் அதுதான் காரணம். தலைவலியா, காற்று புகுந்திருக்கிறது. வயிறு உப்பலா, அதே காற்று. முதுகில் எண்ணெய் தடவி, நாணயத்தின் விளிம்பால் வரிவரியாகச் சிவக்கச் சுரண்டினால்தான் புகுந்தது வெளியே போகும். டேபிள் ஃபேனைக்கூடக் குஸ்மி சுவரைப் பார்த்துத்தான் வைப்பாள். வீட்டிலேயே சுவர் ஒன்றுதான் சுகமாக இருந்தது.

குஸ்மிக்குக் கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் தொழில். நோன்புப் பெருநாள் முடிந்து கல்யாணங்கள் வரிசைகட்டும் நேரம் பார்த்துப் பெட்டி மக்கர் செய்தது. மாப்பிள்ளை பெயரைச் சுற்றிப் பூ வைக்கும்போது அணைந்தது. மறுபடி போட்டால் மணப்பெண் பெயர் வரைக்கும் வந்துவிட்டு அணைந்தது.

தெருமுனையில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தர்ஜோ வந்து பெட்டியைத் திறந்தார். உள்ளே மெத்தை மாதிரி தூசி. மெத்தையின் மேல் இரண்டு பல்லி முட்டை.

“இது கம்ப்யூட்டரா, பிரசவ ஆஸ்பத்திரியா பாக்?”

தூசியை ஊதித் தள்ளினார். சிப்பின் மேல் காய்ந்துபோயிருந்த பசையைத் துடைத்துப் புதுப் பசை தடவினார். மெமரியைக் கூட்டினார். வேகமான டிஸ்க் ஒன்றை மாட்டினார். பெரிய விசிறியாகப் பார்த்துப் பொருத்தி, “இனிமே பறக்கும்” என்றார்.

வர்தோயோவின் கண்முன் மேகம் மெதுவாகத் தலைநீட்டியது.

“இவ்வளவுதானா? நல்லா யோசிச்சுச் சொல்லு தர்ஜோ.”

“போதும் பாக்.”

“இந்த வீட்டுச் சூட்டுக்கு விசிறி என்ன பண்ணும்? சூடான காத்த இழுத்து, சூடான காத்தையே ஊதும். அப்படித்தானே?”

“அப்படியும் சொல்லலாம்...”

“அப்ப ரூமையே குளிர வைக்கணும்.”

“வெச்சா நல்லதுதான். ஆனா...”

“ஆனாவ விடு. மத்தத சத்தமா சொல்லு. அடுப்படி வரைக்கும் கேக்கணும்.”

தர்ஜோ தொண்டையைச் செருமிக்கொண்டார். “இந்தக் கம்ப்யூட்டருக்கு ஏசி வேணும்!”

விலையைக் கீழே இழுத்தே பழகிய வர்தோயோ, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பேரத்தை மேலே ஏற்றியிருந்தார்.

குஸ்மி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“கம்ப்யூட்டருக்கா?”

“கம்ப்யூட்டருக்கேதான். காத்து புக அதுக்கு உடம்பா இருக்கு?”

“ரூம்ல சூடே இருக்கக் கூடாதா?”

“கூடவே கூடாது. சூடு எந்த ரூபத்துல வந்தாலும் அதுக்கு விஷம்.”

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் பாக்.”

சந்தையில் எதிராளி இவ்வளவு சுலபமாக இறங்கி வந்திருந்தால், வர்தோயோ சரக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பார். அன்று பார்க்கவில்லை. மேகம் கண்ணை மறைத்துவிட்டது.

ஏசி படுக்கையறைக்கு வந்தது. கம்ப்யூட்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் குடியேறியது. முதல் நாள் மத்தியானமே வர்தோயோ மல்லாந்து படுத்தார். கட்டில் கரையை விட்டுக் கிளம்பியது. கம்ப்யூட்டர் விசிறி எங்கோ தூரத்து அருவிபோல முணுமுணுத்தது. அவர் ஒரு சந்தைக்குள் மிதந்து போனார். கடைகளில் ஆளில்லை, கூச்சலில்லை. எல்லாக் கூரையிலும் பனி பெய்துகொண்டிருந்தது. ஒரு கடையில் நின்று, “கடைசி விலை என்ன?” என்றார். “சும்மாவே எடுத்துக்கோங்க” என்றது பனி. அவர் இரண்டு கையையும் நீட்டினார்.

“ஹச்!”

ஒரே ஒரு தும்மல். கண்ணைத் திறந்தால், எண்ணெய்ப் புட்டியும் நாணயமுமாகக் குஸ்மி. அறை வாசற்படியில் தெருத் தலைவர் மர்சுதி, தம் மகளின் கல்யாணப் பத்திரிகையைத் திரையில் பார்க்க வந்தவர்.

“பாத்தீங்களா, காத்து புகுந்துடுச்சு” என்றாள் குஸ்மி.

“எனக்கா? புகாது! இரும்பு உடம்பு இது!”

மர்சுதி முகம் மலர்ந்தது. “அப்படியா? ஞாயித்துக்கிழமை எல்லாரும் சேந்து சாக்கடை அள்ளும்போதெல்லாம், ‘காத்து புகுந்திருக்கு, வர முடியாது’ன்னு சொல்லி அனுப்புவீங்களே! சரியாயிடுச்சா? ரொம்ப சந்தோஷம். மம்பட்டியோட வந்துடுங்க. இத்தன நாள் விட்டதையும் சேத்து அள்ளிடலாம்.”

ஒரு பக்கம் மேகம். மறு பக்கம் சாக்கடை. நடுவில் நின்ற வர்தோயோ குஸ்மியைப் பார்த்தார். குஸ்மி சுவரைப் பார்த்தாள். வர்தோயோ இருமினார்.

“லேசா... புகுந்த மாதிரிதான் இருக்கு.”

“அப்ப ஏசி ஆகவே ஆகாது” என்றார் மர்சுதி, தீர்ப்புச் சொல்வதுபோல.

முன்னறையில் குப்புறப் போட்டு முதுகைச் சுரண்டினாள் குஸ்மி. தலைவர் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த வர்தோயோ அப்புறம் வெடித்தார்.

“அப்ப நீ மட்டும் உள்ள எப்படி இருப்ப? உனக்குக் காத்து புகாதா?”

“நான் ஸ்வெட்டர் போட்டுக்குவேன்.”

“நானும் போட்டுக்கறேன்!”

“போட்டுக்கோங்க. ஆனா நீங்க உள்ள வந்தாலே ரூம் சூடாகுதே. கோவம் வந்தா கேக்கவே வேணாம். சூடு எந்த ரூபத்துல வந்தாலும் விஷம்னு சொன்னது யாரு?”

அவள் போய் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வந்தாள். ரோஸ் நிறம். கம்பளி நூல். அலமாரியில் மடித்து வைத்த மடிப்பு அப்படியே இருந்தது.

“இத எப்ப வாங்கின?”

“நோன்புக்கு முந்தி. தள்ளுபடி போட்டிருந்தாங்க.”

“அப்ப கம்ப்யூட்டர் நல்லாத்தானே ஓடுச்சு! சுரபாயா வெயிலுக்கு ஸ்வெட்டர் எதுக்கு?”

“ஏசி வந்தா வேணுமில்ல?”

“நீதானே ஏசியே வேணாம்னு சொல்லிட்டிருந்த!”

“வேணும்னு நான் கேட்டிருந்தா நீங்க வாங்கியிருப்பீங்களா பாக்?”

கதவு சாத்திக்கொண்டது. வர்தோயோ ஹெல்மெட்டைத் தேடினார். அது உள்ளே கட்டிலுக்கு அடியில் இருந்தது. சரி, விசிறியாவது போடலாம் என்று டேபிள் ஃபேனைத் தம் பக்கம் திருப்பிப் பொத்தானை அழுத்தினார். வீடு மொத்தமும் கரண்டு போனது.

“விசிறியப் போடாதீங்க!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “ஏசியும் கம்ப்யூட்டரும் ஓடும்போது நம்ம மீட்டர் வேற எதையும் தாங்காது!”

விசிறியை அணைத்துவிட்டு மீட்டர் சுவிட்சைத் தூக்கிவிட்டார். உள்ளே ஏசி மறுபடி உறுமத் தொடங்கியது. கதவிடுக்கு வழியாக ஒரு நூல் குளிர் வந்து அவருடைய கால் கட்டைவிரலை மட்டும் தொட்டது. அதை நகர்த்தாமல் கண்ணை மூடிப் பார்த்தார். கட்டைவிரல் தூங்கிவிட்டது. மற்றபடி அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்த மகானே, இதற்கு மேலும் சும்மா இருந்தால் நியாயமில்லை. தானே வியர்த்துத் தானே ஆறிக்கொள்ளும் பெட்டி ஒன்றைச் செய்து தூக்கிக்கொண்டு சுரபாயாவுக்குக் கிளம்பி வாரும். அந்தக் கதவைத் தட்டி, கட்டிலில் பாதியையாவது வர்தோயோவுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போம். தட்டும்போது மட்டும் மெதுவாகத் தட்டும். உள்ளே குஸ்மி தூங்குகிறாள்.